சுவரில் மோதுபவள்

வெல்வதற்கு இங்கே வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.
என் வேலை மோதுவது.

லிவர்பூல். ஒரு காலத்தில் சர்க்கரை மூட்டை அடுக்கிய கிடங்கு,
மூன்றாம் மாடி, ஜன்னலுக்குக் கீழே மெர்சி ஆறு.
மணிக்கு மூன்று பவுண்டு நாற்பது பென்ஸ்.
அதற்கு நான் இருபத்திரண்டாம் நூற்றாண்டில்
மணிக்கு ஆயிரத்து நூறு கிலோமீட்டர் போகிறேன்,
இடப்பக்கச் சுவரை முழம் முழமாக இடித்தபடி.
பிறகு வலப்பக்கம்.
பிறகு அதே பாதையில் எதிர்த்திசை.

"தைத்த துணியைத் தடவிப் பார்க்கிற மாதிரி, டியர்ட்ரே.
எங்கே தையல் விட்டிருக்குன்னு பாரு" என்பான் கீத்.
அவன் நகரமே முக்கோணங்களால் ஆனது.
கடைக்கு வர ஆறு வாரம். அவன் சட்டை மாற்றி நான்கு நாள்.

சாம்பல் நிறப் பெட்டி மதியத்துக்குள் கொதித்துவிடும்.
தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால்தான்
பொன்னிற வட்டை மறுபடி படிக்கும்.
அன்றும் கவிழ்த்துத்தான் வைத்திருந்தேன்.

நான்காம் வளைவு. குளிர்பான விளம்பரப் பலகை.
பிரேக்கை அரைகுறையாய் அழுத்தி, மூக்கைத் திருப்பி,
அறுநூறாவது தடவையோ என்னவோ,
மோதினேன்.

சத்தம் வரவில்லை.

டமாரென்று ஒன்று கேட்டாக வேண்டும், அதற்குத்தானே சம்பளம்.
கேட்கவில்லை.
சுவர் எனக்கு வழிவிட்டு
பின்னால் மூடிக்கொண்டது.

விழுகிறேன். கறுப்பு.
என்ஜின் மட்டும் தன்பாட்டுக்குப் பாடுகிறது.
மேலே பார்த்தால் நகரத்துக்கு அடிவயிறே இல்லை.
வண்ணம் ஒருபக்கம்தான் பூசியிருக்கிறார்கள்;
மறுபக்கத்திலிருந்து கோபுரம், பார்வையாளர், கொடி
எதுவும் கிடையாது.
ஏழு எதிரிகள் மட்டும்
விளக்கடி ஈசல்போல் ஒன்றுமில்லாததைச் சுற்றுகிறார்கள்.
என் இடம்: எட்டு.
சுற்றுக் கடிகாரம் விடாமல் ஓடுகிறது.

நான்காயிரம். ஒன்பதாயிரம். இருபதாயிரம்.
முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தேழில்
எண்களுக்கு மூச்சு முட்டி
வேகம் கழித்தல் குறி போட்டுக்கொண்டது.
கீழே போகிறேனா, வந்த வழியே திரும்புகிறேனா?

பர்க்கன்ஹெட் போகும் கடைசிப் படகு ஊதியது.
எழுந்து போகவில்லை.
யாரும் முந்தாத இடம் ஒன்று அகப்பட்டால்
நீங்கள் மட்டும் உடனே புகார் எழுதுவீர்களாக்கும்.

காலையில் எழுதினேன்.
பிழை எண் 617. நான்காம் வளைவு, பலகையின் இடது ஓரம்.
கடுமை: முதல் தரம்.
கீத் என் தோளில் தட்டினான்,
இரண்டு நிமிடத்தில் ஒரு புள்ளியை நகர்த்தினான்.
புது வட்டு.
டமார்.
டமார்.
நல்ல சுவர்.

எல்லாப் பந்தயத்தையும் வென்றால்தான்
கடைசியில் எங்கள் பெயர்கள் உருண்டு வருமாம்.
எனக்கு வெல்லத் தெரியாது.
பக்கத்து மேஜை நைஜலுக்கு ஒரு மீன் வறுவல் வாங்கிக் கொடுத்து
வெல்லச் சொன்னேன்.
எண்ணெய் விரலோடு வென்றான்.
வந்தது: "டெய்ட்ரி ஃபேகன்".
எழுத்துப் பிழை. எண் போடவில்லை.

ஆறாம் பாதையில், எதிர்த்திசையில்,
சுரங்கம் முடியும் இடத்தில்
சின்னதாய் ஒரு தையல் விட்டிருக்கிறது.
அதற்கும் போடவில்லை.