பக்கம் அறுபத்தேழு

நிலவறையில் பதினான்கு பாகை.
காகிதத்துக்கு நல்லது, கணுக்காலுக்கு இல்லை.
கையுறை வேண்டாம், கழுவிய கை போதும் என்று
முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

விஸ்கான்சினிலிருந்து டார்லீன் எழுதியிருக்கிறாள்:
என் பாட்டனுக்குப் பாட்டன்
பால்தசார் வுல்ஷ்லேகர், பீப்பாய் செய்தவர்,
ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தைந்தில்
சாகசம் தேடிக் கப்பலேறியவர்.
பிறந்த வீடு இன்னும் நிற்கிறதா?
வாசலில் நின்று ஒரு படம் எடுக்க வேண்டும்.

பழைய ஜெர்மன் கையெழுத்து
வேலிக்குக் குச்சி நட்டது போல் இருக்கும்.
எந்தக் குச்சி எந்த எழுத்து என்று
விரல் வைத்து எண்ணித்தான் உள்ளே போகலாம்.
நாற்பது வயதில் கற்றேன்.
ஆர்கவ்காரர் பலருக்கே பிடிபடாததை
நான் வாசிப்பதில்
பொறுப்பாளருக்கு ஒரு சிரிப்பு,
எனக்கு ஒரு சம்பளம்.

கிராமசபைக் குறிப்பேடு.
கிழங்கு அழுகிய வருடங்கள்.
பொதுக் கஞ்சிக்குப் பேர் கொடுத்தவர் எண்பத்திரண்டு.
நிரப்ப ஒன்றுமில்லாத ஊரில்
பீப்பாய் எவனுக்கு வேண்டும்?
சபை கை உயர்த்தியது:
பொதுக்காட்டின் ஓக் மரங்களை விற்று
ஏழைகளை அனுப்பிவிடுவது.
அதே ஓக்.
அவன் பலகை இழைத்து வளைத்த ஓக்.
தலைக்கு நூற்றெண்பது பிராங்க்,
ஒரு சோடிச் சப்பாத்து,
லே ஹாவ்ர் துறைமுகம் வரை வண்டிக் கூலி.
கீழே, வேறு மையில்:
திரும்பி வந்தால் தொகையைக் கட்டவேண்டும்.

சாகசம் என்ற சொல்லைத் தேடினேன்.
அந்தப் பக்கத்திலும் இல்லை, அடுத்ததிலும் இல்லை.

ஞானஸ்நானப் பதிவேட்டில்தான் மற்றது.
வெரேனா சுலாவ்ஃப், மணமாகாதவள், ஆண் குழந்தை.
தகப்பன் எனச் சொல்லப்படுபவன்
பீப்பாய்க்கார பால்தசார், தற்போது அமெரிக்காவில்.
'சொல்லப்படுபவன்' மேல்
பாதிரியாரின் பேனா அழுந்தியிருக்கிறது.
பிள்ளைக்குத் தாயின் பெயர்.

சுலாவ்ஃப்.
காலையில் என்னை ஏற்றிவரும் பேருந்துச் சாரதியின்
சட்டையில் குத்தியிருக்கும் பெயர்.
ஒன்றும் சொல்ல முடியாது,
இந்தப் பக்கம் சுலாவ்ஃப்கள் நிறைய.
ஆனாலும் நேற்று இறங்கும்போது
அவருடைய காதுகளைப் பார்த்தேன்.
டார்லீன் அனுப்பிய படத்துத் தாடிக்காரனுக்கும்
அகலக் காதுதான்.
கதவு மூடப்போகிறது, இறங்குங்கள், என்றார்.

என்னைத் தேடியும் ஒருத்தி
நூற்றைம்பது வருடம் கழித்து வரலாம்.
பாவம், அவள்.
என் பிறந்தநாள் சனவரி ஒன்று.
முகாமில் கேட்டவருக்கு அவசரம், எனக்குக் காய்ச்சல்;
வரிசையில் நின்ற ஏழு பேரும்
ஒரே நாளில் பிறந்தோம்.
அப்பாவின் பெயர் குடும்பப் பெயராயிற்று.
'ஃப்ராவ் கதிர்காமத்தம்பி' என்று கூப்பிட்டால்
அவருக்கு மீசை இருந்தது என்று
வாய் வரை வரும்.
வந்த வழி எனக் கோப்பில் இருப்பது
முகவர் பாடமாக்கித் தந்த வழி.
அதைப் பிடித்துக்கொண்டு போனால்
அவள் ஒரு கடலைத் தவறவிடுவாள்.

டார்லீனுக்கு எழுதுகிறேன்:
வீடு இல்லை. அந்த இடத்தில் டயர்க் கடை,
சனிக்கிழமை பன்னிரண்டுக்குப் பூட்டிவிடுவார்கள்.
பக்கம் அறுபத்தேழு, நகலும் மொழிபெயர்ப்பும்.
வேறு மையில் இருந்த வரியை விடவில்லை.
தேடல் கட்டணம் நாற்பது பிராங்க்.
(சப்பாத்து நீங்கலாக என்று எழுதி, அழித்தேன்.)

ஞானஸ்நானப் பக்கத்தை உறைக்குள் வைத்தேன்.
எடுத்தேன்.
வைத்தேன்.
தபால் தராசில் முள் கோட்டைத் தாண்டியது.
ஒரு தாள் கூடினால்
முத்திரையும் ஒன்று கூடும் என்றான்
கவுண்டரில் இருந்த பையன்.

ஒட்டு, என்றேன்.