வெள்ளம் வேணோ

"வெள்ளம் வேணோ?" என்று கேட்டபடிதான்
கேட்டைத் திறந்தார் ஜோப்பன் சார்.
அவர் பாஷையில் அது குடிக்கிற தண்ணீர்.
எங்கள் பாஷையில் ஊரை வாரிக்கொண்டு போவது.
கொழிஞ்சாம்பாறையில் இரண்டும் அபூர்வம்.

வேப்பமரத்தடியில் நின்றது வண்டி.
சாம்பல் நிறம். சாலக்குடிப் பதிவு.
காருக்கும் ஜீப்புக்கும் நடுவில் முளைத்த ஒரு ஜாதி.
கம்பெனி இதைச் செய்வதை நிறுத்தி
ஐந்து வருஷம் ஆகிறது, அதனால்தான்
எங்கள் கைக்கு எட்டுகிற விலை.

சாலக்குடி என்றதும் எனக்குள் ஏதோ மிதந்தது.
பால் சொசைட்டியில் பதினோரு வருஷமாக
லாக்டோமீட்டர் போடுகிறவள் நான்.
பாலில் தண்ணீர் தேடுவது என் பிழைப்பு.
யார் சிரித்துக்கொண்டே கேனைத் தூக்கி வருகிறாரோ
அவர் பாலை இரண்டு தடவை பார்ப்பேன்.
சார் நன்றாகவே சிரித்தார்.

பொள்ளாச்சியிலிருந்து கூட்டி வந்த பீர்முகமது
வெற்றிலையைத் துப்பிவிட்டு போனட்டைத் திறந்தார்.
ஆயிலை விரலில் தேய்த்து மோந்தார்.
"இஞ்சின் சுத்தம். டர்போ கொஞ்சம் விசில் அடிக்குது.
கதவுக் கைப்பிடி ஒடஞ்சா மட்டும்
உக்கடத்துல போய்த் தவம் கெடக்கணும்.
இனிமேப் புதுசு பொறக்காது."

என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து டயரை உதைத்தார்.
வண்டி பார்க்கத் தெரியாத ஆண்கள் எல்லோரும்
முதலில் டயரைத்தான் உதைக்கிறார்கள்.

மாமனாரின் வலது முழங்கால் மடங்காது.
முன்சீட்டில் இடுப்பை வைத்தார்,
காலைத் தன் கையாலேயே எடுத்து
ஒரு மூட்டையைப் போல உள்ளே வைத்தார்.
குனியவும் வேண்டாம், ஏறவும் வேண்டாம் என்றார்.
அப்புறம் இறங்கவே மறுத்துவிட்டார்.
பின்னால் தாரணியும் கபிலேஷும்
ஜன்னலோரத்துக்கு அடித்துக்கொண்டதில்
வண்டி அதற்குள் எங்கள் வீட்டுச் சத்தம் போட்டது.

நான் தண்ணீர் தேடினேன்.
கால்மிதியைத் தூக்கினேன், ஸ்டெப்னிக் குழியில் கைவிட்டேன்,
சீட்டுக்கு அடியில் போல்ட்டுகளில் துரு தடவினேன்.
பிறகு சீட் பெல்ட்டை இழுத்தேன்,
கிணற்றுக் கயிறு மாதிரி, கடைசி முழம் வரை.
வெள்ளத்தில் நின்ற வண்டியில் எதை எதையோ கழுவுவார்கள்,
பெல்ட்டின் அடிநுனியை மறந்துவிடுவார்கள்,
அங்கே சேறு கோடு கிழித்திருக்கும்,
வழியில் பீர்முகமது சொல்லிக்கொடுத்தது.

கோடு இல்லை. நான்கு பெல்ட்டிலும் இல்லை.
ஐந்தாவது, பின்சீட்டு நடுவில் இருப்பது,
வரவே இல்லை. ஏதோ உறைந்து பிடித்திருந்தது.
நகத்தால் சுரண்டினேன்.
மெழுகு.

"ரெண்டு ராத்திரி," என்றார் சார்.
"பாலத்து மேல கொண்டு நிறுத்தினேன்.
உள்ள ஒம்பது பேரு.
பக்கத்து வீட்டு லின்சிக்கு எட்டு மாசம்,
அவளைத்தான் நடுவுல உட்கார வச்சோம்.
மெழுகுதிரி ஒண்ணே ஒண்ணு.
விடிஞ்சப்போ கீழ என் வீட்டு ஓடு மட்டும் தெரிஞ்சது."

அதனால்தான் மழை மறந்த ஊராகப் பார்த்து
இங்கே வந்தாரா என்று கேட்கவில்லை.
அவர் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பீர்முகமது நோட்டில் கட்டம் போட்டிருந்தார்.
கிளட்ச், பிரேக், ஏ.சி., சஸ்பென்ஷன்.
கடைசிக் கட்டத்தில் பேனாவை நிறுத்தி
"ஒம்பது பேருன்னா ஸ்பிரிங் அழுந்தியிருக்கும்" என்று
பத்தாயிரம் குறைத்தார்.
எனக்குக் கோபம் வந்தது.
பிறகு, பத்தாயிரம் பத்தாயிரம்தானே
என்றும் தோன்றியது.

எட்டாயிரத்துக்கு ஒத்துக்கொண்டார் சார்.
இரண்டாவது சாவி கேட்டேன்.
ஆற்றில் இருக்கிறது என்றார்.

அட்வான்ஸை எண்ணி முடித்ததும்
உள்ளே போய்ச் செம்பு நிறையக் கொண்டுவந்து
வெயிலில் நின்ற எல்லோருக்கும் ஊற்றினார்.
வண்டிக்குள் இருந்தே கை நீட்டினார் மாமனார்.
நானும் வாங்கினேன்.
தொழில் பழக்கம், முதல் வாயை
நாக்கில் நிறுத்திப் பார்த்தேன்.

வெள்ளம்.
லேசாக உப்பு,
எங்கள் ஊர் போர்வெல்.