பீஸ்கட்டை

வெள்ளி இரவே இறங்கி நடந்துவிட்டேன்,
வெறுங்காலோடு, வரப்புக்கு வரப்பு.
பாட்டில் ஓடு இரண்டு, நத்தைக்கூடு ஒரு கைப்பிடி,
ஒரு கருவேல முள்.
அதை என் குதிகால்தான் கண்டுபிடித்தது.

வாடகை கேட்டதற்குக் கோமதிநாயகம் சிரித்தார்:
"கொளுஞ்சி வெட்டிப் போட்டிருக்கேன், மிதிக்க ஆளில்ல.
ஒங்க பிள்ளைக மிதிச்சா நாம்லா துட்டு தரணும்."

ஆக, சோப்பு நாலு, கடலை மிட்டாய்,
டிஞ்சர், பஞ்சு.
கயிறு பள்ளிவாசல் பந்தலுக்கு உள்ளது.
மத்ரசா கணக்கில் இருநூற்று எழுபது எழுதினேன்.
"சேத்துக்கா?" என்றார் செயலாளர் மீரான் கனி.
"சோப்புக்கு" என்றேன்.

பம்புசெட்டுப் பெட்டியைத் திறந்து
பீஸ்கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டேன்.
கரண்டு இனி என் நெஞ்சோடு இருக்கட்டும்.

சனிக்கிழமை.
பாளையங்கால்வாய் நிறைந்து போகிறது.
அந்தப் பக்கம் நீச்சல் தெரிந்த பாதுஷா நின்றான்.
முகத்தில் எறியக் கூடாது,
கயிறு தாண்டக் கூடாது,
மூன்றாவது விதியைச் சொல்லுமுன்
இறங்கிவிட்டார்கள்.

முழங்கால் மட்டும் வாங்கிக்கொண்டது தொளி.
ஓதும்போது வாய் திறக்காத கல்வத்து
மேலப்பாளையம் கேட்கக் கத்துகிறான்.
யாரோ எறிந்த உருண்டை என் தாடியில் விழுந்தது.
யாரென்று தெரியவில்லை,
எல்லோருக்கும் ஒரே முகம்.

எண்ணினேன். முப்பது.
கயிற்றோரம், மடையோரம், மறுபடி எண்ணினேன்.
முப்பது.
கால்வாயைப் பார்த்தேன்.
கால்வாயைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன்.

சேறானவர்களை மட்டும் எண்ணியிருக்கிறேன்.
முப்பத்தொன்றாவது ஆள்
வெள்ளை ஜிப்பா மடிப்புக் கலையாமல் வரப்பில்
செருப்புகளுக்குக் காவல் நிற்கிறான்.

"பழைய உடுப்பு கொண்டு வரச் சொன்னேன்லா, தமீமு?"
"இதுதான் உஸ்தாத் பழசு."
கொஞ்சம் பொறுத்து,
"புதுசும் இதான்."

நோட்டீசில் நான்தான் எழுதியிருந்தேன்,
பழைய உடுப்பு கட்டாயம் என்று,
அடிக்கோடு வேறு போட்டு.

என் சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன்.
அவன் முட்டியைத் தாண்டித் தொங்கியது.
ஜிப்பாவை மடித்து
மிட்டாய்ப் பாக்கெட்டின் மேல் வைத்தான்.
இறங்கவில்லை, குதித்தான்.

அஸருக்கு ஒரு மணி நேரம் இருக்கையில்
எல்லோரையும் கரையேற்றி
மோட்டார் போட நெஞ்சைத் தடவினேன்.
பை இல்லை. சட்டையே இல்லை.
தமீம் பைக்குள் கை விட்டான்:
தொளி மட்டும் வந்தது.

முப்பத்தொரு பேரும் திரும்ப இறங்கிக்
காலால் துழாவினார்கள்.
கோமதிநாயகத்தின் கொளுஞ்சி
இரண்டு தடவை மிதிபட்டது அப்படித்தான்.

கிடைக்கவில்லை.
பாதுஷா கால்வாயில் மொண்டு மொண்டு கொடுக்க
வாளி வாளியாய் ஊற்றிக் குளிப்பாட்டினோம்.
நாலு சோப்பும் கரைந்தது.
தொழுகை வரிசையில்
நனைந்த முதுகுகளுக்கு நடுவே
காய்ந்த வெள்ளை ஜிப்பா ஒன்று.
அதன் காதுக்குப் பின்னால் மட்டும் சேறு.

கணக்கில் ஒரு வரி கூட்டியிருக்கிறேன்:
பீஸ்கட்டை ஒன்று, ரூபாய் தொண்ணூறு.
எதுக்கு என்று மீரான் கனி கேட்பார்.
இன்னும் யோசிக்கவில்லை.