பதினேழு

முன்அனுபவம் தேவையில்லை என்று போட்டிருந்ததால்
சேர்ந்தேன்.
எட்டு வாரம், ஆயிரத்து இருநூறு ரூபாய்,
செவ்வாயும் வெள்ளியும் இரவு எட்டரைக்கு.
கொரடாச்சேரிக்குத் தெற்கே
எங்கள் நெல் கொள்முதல் நிலையத்தில்
சிக்னல் முழுசாகக் கிடைப்பது ஓரிடத்தில்தான்:
அடுக்கிய மூட்டைகளின் உச்சியில்.
ஏறி உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால்
தார்ப்பாய் படபடக்கும்.
"யாரோ கைதட்டுறாங்க, மியூட் பண்ணுங்க"
என்பார் பெனடிக்டா மிஸ், நாகர்கோவிலிலிருந்து.
என்னைவிடப் பதினாலு வயது இளையவர்.

முதல் வாரம் பெயரடைகளை வெட்டச் சொன்னார்.
என் பத்தியில் வெட்ட ஒன்றுமில்லை.
பதினெட்டு வருடமாக நான் எழுதுவது
பெயர், சர்வே எண், ரகம், மூட்டை, எடை.
"நல்லா இறுக்கமா இருக்கு" என்றார்.
புகழ்ச்சியா என்று தெரியவில்லை.
சிரித்துவைத்தேன், கேமரா அணைந்திருந்தது.

இரண்டாம் வாரம் உவமை.
கோயம்புத்தூரில் ஒன்பதாவது மாடியில் இருக்கும் ஹரிணாட்சி
தூற்றிய நெல்லை எழுதினார்,
பதர் பறந்தது நீ தங்கினாய் என்று.
திரை முழுக்க இதயங்கள் மிதந்தன.
நெல்லின் மேலேயே உட்கார்ந்திருந்த எனக்கு
எதைப் பார்த்தாலும் அது அதுவாகவே இருந்தது.
மூட்டை மூட்டை மாதிரி.
வெட்டாற்றுப் பாலத்து விளக்கு விளக்கு மாதிரி.
கழுத்தில் சுணை மட்டும் அரித்தது;
அது எதைப் போல என்று
சொறிந்தபடியே ஒரு மணி நேரம் யோசித்தேன்.

மூன்றாம் வாரம்,
காதில் விழுந்த ஒரு வாக்கியம்.

அதற்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை.
ஐப்பசி. வாசலில் தார்ச்சாலை நெடுக
அரை கிலோமீட்டருக்குக் குறுவை நெல் கொட்டிக் கிடந்தது.
அன்று காலை ஒருவர் ஒரு பிடி அள்ளிவந்து நீட்டினார்.
ஈரமானியில் போட்டேன். இருபத்திரண்டு.
பதினேழுக்கு மேல் வாங்கக் கூடாது.
அவர் கருவியைப் பார்க்கவில்லை.
என்னையும் பார்க்கவில்லை.
"எப்படிங்க, ராத்திரி முழுக்க
எங்கூடதானே படுத்திருந்துச்சு" என்றார்.
உள்ளங்கையில் ஒட்டியிருந்த நாலைந்து மணிகளை
சாக்கில் தட்டிவிட்டுப் போனார்.

அதை அப்படியே வாசித்தேன்.
இதயம் எதுவும் மிதக்கவில்லை.
கொஞ்ச நேரம் தார்ப்பாய்தான் பேசியது.
பிறகு மிஸ் கேட்டார்:
"அவர் பேர் என்ன?"

தெரியாது என்றேன். டோக்கன் நாற்பத்தாறு.

வகுப்பு முடிந்ததும் இறங்கிப் பதிவேட்டைப் புரட்டினேன்.
போன சம்பாவில் இருந்தார்.
அதற்கு முந்தைய குறுவையில், அதற்கும் முன்னால்,
சி. மாசிலாமணி, சி. மாசிலாமணி,
ஏழு இடத்தில், என் கையெழுத்தில்,
கடைசி எழுத்தின் சுழிகூட மாறாமல்.

வியாழன் வெயில் அடித்தது.
சாலையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு
காலால் நெல்லைக் கிளறிக்கொண்டே நடந்தார்,
பஸ் வந்தால் ஒதுங்கி, மறுபடி இறங்கி.
மூன்று மணிக்கு மேற்கே கறுத்தது.
பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.
வேறு யாரையோ என்று திரும்பிப் பார்த்தார்.
ஒரு பிடி கொண்டுவந்தார்.

பத்தொன்பது.

தொடாமல் விட்டால் அந்தக் கருவி
சில வினாடிகளில் தானே அணைந்துவிடும்.
அணையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு பேனாவைத் திறந்து
பதினேழு என்று எழுதினேன்.

வெள்ளிக்கிழமை, எட்டரை.
"இன்னிக்குப் புனைவு.
நடக்காததை நடந்த மாதிரி எழுதுறது.
யாராவது எப்பவாவது எழுதியிருக்கீங்களா?"
ஒரு தடவை, என்று தட்டினேன்.
"எவ்வளவு நீளம்?"
ஒரு சொல்.
"அட. வாசிங்க பார்ப்போம்."

மழை பிடித்துக்கொண்டது.
மைக்கைத் திறக்கவில்லை.
சிக்னல் போய்விட்டதென்று நினைத்திருப்பார்.
இத்தனையில் எது அவருடையது என்று
இனி யாராலும் சொல்ல முடியாது,
எல்லாம் ஒரே சணல், ஒரே தையல்.
எனக்கடியில் இருந்த மூட்டை மட்டும்
லேசாகச் சுட்டது.