சில்லறைச் செலவு

துறைமுகத்துக் கிட்டங்கியில்
தராசுக்காரனுக்கு மேல் ஒரு எழுத்தர்,
எழுத்தருக்கு மேல் ஒரு சூப்ரண்டு,
அவருக்கு மேல் கடலைப் பார்த்த ஜன்னலோடு ஒரு துரை.
நான் கண்டதில்லை.
கிளாக்கர் நமசிவாயம் வெற்றிலை மென்றபடி சொன்னது.

முந்நூற்றுப் பதினேழாம் பெட்டி
கொழும்பில் நிறுத்தபோது
ஏழு றாத்தல் குறைவாம்.

தராசுக்காரன் வாயால் சொன்னதை
எழுத்தர் எழுதினார்,
சூப்ரண்டு கையெழுத்திட்டார்,
கம்பனி ஏஜெண்டு மேலே இன்னொரு தாளைத் தைத்தார்.
இரவு ரயிலில் மலையேறி
அப்புத்தளையில் இறங்கியது.
அங்கிருந்து என் தோல் பையில்
ஆறு மைல்.
வழியில் அட்டை கடித்தது இரண்டு இடம்,
அதை எந்தத் தாளிலும் தைக்கவில்லை.

பெரிய துரை படித்தார், சிவந்தார்.
சின்னத் துரைக்கு ஒரு சீட்டு.
சின்னத் துரையிடமிருந்து டீமேக்கருக்கு ஒரு சீட்டு.
டீமேக்கர் எழுதவில்லை,
ஸ்டோர் கங்காணியைக் கூப்பிட்டுக் கத்தினார்.
கங்காணி கத்தவுமில்லை.
பெட்டிக்கு ஆணி அடிக்கும் சடைமாயனுக்குக்
காதோடு சேர்த்து ஒன்று வைத்தார்.

சடைமாயனுக்குக் கீழே யாருமில்லை.
வாயில் கவ்வியிருந்த ஆணிகளை
உள்ளங்கையில் துப்பி
எண்ணிப் பார்த்தான்.
சரியாக இருந்தது.

பதில் அதே படிகளில் ஏறியது.
ஏற ஏற நன்றாக உடுத்திக்கொண்டது.
சடைமாயனின் 'தெரியாதுங்க'
ஸ்டோரில் 'கவனிக்கப்படும்',
பங்களாவில் 'தீர விசாரிக்கப்பட்டது'.
நான் பையில் போட்டபோது
அரக்கு இன்னும் சூடாக இருந்தது.

அன்று மாலை மடுவத்தில் கொழுந்து நிறுத்தார்கள்.
ஒச்சம்மாவின் கூடை இருபத்தாறு.
ஈரத்துக்கு இரண்டு, கூடைக்கு இரண்டு,
கணக்கப்பிள்ளையின் பென்சிலுக்கு ஒன்று.
அவளுக்குப் பின்னால் இன்னும் அறுபது பேர்.
எனக்குப் பெருக்கத் தெரியாது.
இந்த றாத்தலுக்குக் கடிதம்
எந்தப் பக்கம் போகும் என்று கேட்டேன்.
"தப்பாலுக்கு நேரமாகலையா?" என்றார்.

நாற்பது நாள் கழித்து முடிவு வந்தது:
ஏழு றாத்தலையும்
சில்லறைச் செலவில் எழுதிவிடலாம்.

செக்றோலில் என் பேர் கிடையாது.
நமசிவாயம் ஒருமுறை வேறொரு புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார்.
சாக்கு, சணல், மண்ணெண்ணெய், அரக்கு,
அதற்கடியில் தப்பால் ஆள் ஒன்று.
அந்தப் பக்கத்தின் தலைப்பும் அதுதான்.

அடுத்த கடிதம் மெல்லிசு.
நல்ல மழை.
நனையாமல் கம்பளிக்குள் அணைத்து
ஆறு மைலும் கொண்டுவந்து கொடுத்தேன்.
நமசிவாயம் படித்துவிட்டு
என்னைப் பார்க்காமல்
வெற்றிலை துப்ப வெளியே போனார்.

சில்லறைச் செலவைக் குறைக்கச் சொல்லியிருந்தது.