வந்துட்டோம்

பாலமதி மலைக்குப் பின்பக்கம்
ஆடு மேய்க்கிறவர்கள் கழுகுப்பாறை என்கிற அந்தச் சுவர்.
மே மாதம். இரவு எட்டு மணிக்கும்
கை வைத்தால் அடுப்புக்கல்லாய்ச் சுட்டது.

எங்கள் நிலையத்துப் பதிவேட்டில்
கிணற்றில் விழுந்த மாட்டுக்கு ஒரு கட்டம் உண்டு,
வீட்டுக்குள் புகுந்த பாம்புக்கு உண்டு.
விளையாட ஏறிப் பாறையில் தொங்குகிறவனுக்குக் கிடையாது.
'இதர' என்று எழுதினார் கோதண்டம்.

கிணற்றுக்கு வாங்கிய கயிறு.
நாற்பதடி. போதவில்லை.
இன்னொன்று எடுத்துவர ஜீப் இறங்கிப் போனது.
அதுவரை விளிம்பில் குப்புறப் படுத்து
நான் பேசிக்கொண்டிருந்தேன்.

பெங்களூர்ப் பையன். தர்ஷன்.
தெரிந்த இங்கிலீஷெல்லாம் வலியில் உதிர்ந்த பிறகு
எங்கள் இருவருக்கும் மிச்சம் மூன்று சொல்:
அம்மா. அண்ணா. நீரு.

அவன் ஹெல்மெட்டில் ஒரு கேமரா.
கீழே வேலூர் முழுக்க விளக்கு எரிய
நான் அந்தச் சிவப்புப் புள்ளியைப் பார்த்தே பேசினேன்.
அவன் பதில் நின்ற பிறகும் அது மினுக்கியது.
நானும் நிறுத்தவில்லை.

இறக்கும்போது
சரிவில் கால்பக்கம் முன்னால் என்பது பயிற்சி.
"கால் முன்னால போறது பொணத்துக்கு"
என்றான் சம்பங்கி.
யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.
ஸ்ட்ரெச்சரைத் திருப்பினோம்.

மூன்றாம் ஞாயிறு அதே பாறையில்
புதிதாய் வெள்ளைப் பவுடர்க் கைத்தடங்கள்.
கோபமாவது வந்திருக்கலாம்.
நான் போனது அளக்க.
அறுபத்திரண்டு அடி.
மறுபடி அளந்தேன். அறுபத்திரண்டு.

ஆடியில் அவன் அப்பா பேசினார்,
தமிழ் தெரிந்த யாரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு.
கேமரா கைக்கு வந்துவிட்டதாம்.
அதில் ஒரு குரல்
ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டே இருக்கிறதாம்,
முப்பத்தேழு தடவை.
இவர் சொன்ன அர்த்தம் சரிதானா,
அந்தக் குரலின் வாயாலேயே கேட்க வேண்டுமாம்.

வந்துட்டோம்.

டீக்கடையில் பால் கொதிக்கும் முன்னே
மாஸ்டர் சொல்வது அது.
சட்டைகூட மாட்டாதவன் போனில் சொல்வது.
இறந்தகாலத்தில் சொன்னாலும்
நம் ஊரில் யாரும் அதை நம்பி எழுந்து நிற்பதில்லை.

"பக்கத்தில் வந்து சேர்ந்தாச்சு என்று அர்த்தம்" என்றேன்.
"அப்போ நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள்."
"ஆமாம்."
அவர் அழவில்லை. நன்றி சொன்னார்.
அறுபத்திரண்டில் நாற்பது போக
இருபத்திரண்டு அடி
அந்த நன்றிக்கும் எனக்கும் நடுவில்.

ட்யூட்டி முடிந்து வரும் வழியில்
வசந்தகோகிலா போன் செய்கிறாள், எங்கே இருக்கிறேன் என்று.
ஓட்டேரி என்கிறேன்.
ஏரிக்கரை.
ரேஷன் கடை தாண்டி.
கேட்டுக்கு வெளியே, கையில் தாழ்ப்பாள்.

"வந்துட்டேன்னு சொல்றதுக்கு என்ன?" என்கிறாள்.