கடன் பேரேடு

புயல் கூரையைக் கழற்றிக்கொண்டு போன மூன்றாம் நாள்
நூலகத்தை ஆலயத்துக்கு மாற்றினோம்.
ஏஃபாத்தே தீவின் வடகரையில்
எங்கள் பள்ளி வளாகத்தில்
கூரையோடு நின்றது அது ஒன்றுதான்.

பெஞ்சுகளின்மேல் ஒவ்வொன்றாக விரித்து வைத்தோம்.
எரிமலைகள் முன்வரிசையில்.
அல்ஜீப்ரா, ஊறிய உடம்போடு, தூணோரம்.
கதைப் புத்தகங்கள் எல்லாம் சன்னல் பக்கம்.
வெயில் அங்கேதான் முதலில் வரும்,
நான் பாரபட்சம் உள்ளவள்.
வேதாகம அகராதி மட்டும்
ரொட்டிபோல உப்பிக்கொண்டு
மூடமாட்டேன் என்றது.

ஞாயிறு வந்தது.
உட்கார இடம் எங்கே என்றார்
வாசலில் நின்ற சபை மூப்பர் கல்சாரி.
எடுத்தால் கிழியும் என்றேன்.
போதகர் மன்சேல்
சேறு அப்பிய செருப்பைக் கழற்றிக்கொண்டே
மடியில் வைத்துக்கொள்ளுங்களேன் என்றார்,
கைக்குழந்தைகளைச் சொல்வதுபோல.

அப்படித்தான் நடந்தது அன்றைய ஆராதனை.
ஆளுக்கொரு ஈரப் புத்தகம்.
தாள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க
அவ்வப்போது பக்கம் திருப்பச் சொல்லியிருந்தேன்.
பிரசங்கம் முழுக்க ஒரு சரசரப்பு,
நண்டுகள் சருகில் நடப்பதுபோல.
மூப்பர் மடியில்
தவளையின் உள்ளுறுப்புகள், நான்கு வண்ணத்தில்.
முதலில் பீடத்தைப் பார்த்தபடியே திருப்பினார்.
பிறகு குனிந்து.
பிறகு திருப்பவே மறந்துபோனார்.

என் மடியில் பேரேடு.
பதினோரு வருடக் கணக்கு:
யார், எதை, என்றைக்கு,
எத்தனை நாள் தாமதம், எத்தனை வாட்டு அபராதம்.
நீல மை கரைந்து
எட்டாம் வகுப்பு ஏழாம் வகுப்பின்மேல் வடிந்திருந்தது.
அக்காளின் அபராதம் தம்பியின் பெயரில்.
தம்பியின் பெயர் யாருடையதும் இல்லை.
ஒரு தேதிகூட மிஞ்சவில்லை.

கர்த்தருடைய ஜெபத்துக்கு எழுந்து நின்றோம்.
கடன்களை மன்னிக்கக் கேட்கும் இடம் வந்ததும்
என் வாய் நின்றுவிட்டது.
பக்தியில் அல்ல.
வரவேண்டிய சில்லறையை
மனதுக்குள் கூட்டிக்கொண்டிருந்தேன்.
என்னைக் கேட்காமலே
யாரோ மன்னித்து முடித்திருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை
ஒன்பதாம் வகுப்பு லெய்மாஸ் வந்து நின்றாள்,
கையில் பிஸ்கட் டப்பா.
தொலைந்தேபோய்விட்டது என்று
என் மேசைமேல் கைவைத்து இரண்டு வருடம் முன்பு
சத்தியம் செய்த நட்சத்திரப் புத்தகம் உள்ளே.
வீடே குகைக்குள் ஒதுங்கிய இரவில்
தம்பியை ஒரு கையிலும்
டப்பாவை ஒரு கையிலும் தூக்கி ஓடினாளாம்.
முகர்ந்து பார்த்தேன்.
மொறமொறவென்று காய்ந்திருந்தது.

மறுநாள் அரிசி மூட்டைக்குள்ளிருந்து ஒன்று.
பள்ளியைவிட்டே போய்ப் படகு ஓட்டும் கல்மெட்
என் முகம் பார்க்காமல் கொடுத்தது இரண்டு.
இரவில் வாசற்படியில் வைத்துவிட்டு
ஓடிய காலடி யாருடையதோ.
மொத்தம் முப்பத்தேழு.

சொன்ன தேதியில் திருப்பித் தந்த
நல்ல பிள்ளைகளின் புத்தகங்கள் என் அலமாரியில்
வரிசை எண் பிசகாமல் கூழாயின.
பிழைத்தவை எல்லாம்
பொய் சொன்னவர்களிடம் இருந்தவை.
இதை வைத்து ஒரு பிரசங்கம் செய்யலாம் என்றார் போதகர்.
வேண்டாம் என்றேன்.
அடுத்த பருவத்தில் ஒருத்தரும் திருப்பித் தரமாட்டார்கள்.

நிவாரண விண்ணப்பத்தில் ஒரு கேள்வி:
கிறிஸ்தவப் பள்ளியில் நூலகத்தின் பங்கு என்ன?
இரண்டு வரிக்கு மிகாமல்.
முன்பென்றால் ஒழுக்கம் என்று தொடங்கியிருப்பேன்.
பேனாவைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன்.
கடைசியில்
கூரைத் தகடு நாற்பது என்று மட்டும் எழுதினேன்.

புதுப் பேரேடு வாங்கியாயிற்று.
தவளைப் புத்தகத்தை மூப்பர்
இன்னும் திருப்பவில்லை.
நானும் கேட்கவில்லை.
ஜனவரி வருகிறது,
காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்குமோ.